“பார்ட்ஸ் வரணும் சார்!” – கேம் கன்சோல் ரிப்பேர்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கின்றன. ரிப்பேருக்குக் கொடுத்த கன்சோல் எப்போது வரும், வரும்வரை என்ன செய்வது? தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட ஒரே இதழில் சேர்த்துச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

கேள்வி: பையனோட பிளேஸ்டேஷன் 5-ல (பிஎஸ் 5) திடீர்னு டிவியில படம் வரல. வெள்ளை லைட் மட்டும் எரியுது. ரிச்சி தெருவில் ஒரு கடையில் கொடுத்தோம். எச்டிஎம்ஐ போர்ட் போயிடுச்சு, பார்ட்ஸ் வரணும்னு சொன்னாங்க. ஒரு மாசம் ஆகப் போகுது, போன் பண்ணினா ‘நாளைக்கு’ன்னுதான் பதில். வாரண்டி முடிஞ்சாச்சு, அட்வான்ஸும் கொடுத்தாச்சு. இன்னும் பொறுக்கணுமா, திருப்பி வாங்கிடலாமா? – வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்: திருப்பி வாங்குவதற்கு முன்னால் கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: எந்த பார்ட் வரணும்? ‘போர்ட்’ என்று சொன்னால் அடுத்த கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும், ஏனென்றால் வெறும் எச்டிஎம்ஐ போர்ட்டுக்காக எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரு மாதம் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. டிவிக்குப் போகிற ஒயரைச் செருகுகிற துளைதான் அது, சில நூறு ரூபாய் சாமான். 19 பின்கள் நெருக்கமாக வரிசையில் இருக்கும், பழையதை ஹாட் ஏர் வைத்துக் கழற்றி, ஈயத்தைச் சுத்தம் செய்து, புதியதை உட்காரவைத்து மைக்ராஸ்கோப்புக்குக் கீழே ஒவ்வொரு பின்னாகச் சரிபார்ப்பார்கள். பொறுமையான வேலை, ஆனால் கை தேர்ந்தவருக்கு ஒரு மதியத்துக்குள் முடிகிற வேலை.

அப்படியிருந்தும் ஒரு மாதம் ஆகிறதென்றால் மூன்றில் ஒன்று நடந்திருக்கலாம். முதலாவது, பெட்டியை இன்னும் தொடவே இல்லை. இதுதான் அதிகம் நடக்கிறது. பல கடைகளில் வாசலில் நான்கைந்து பேர் நின்று வாங்கிப் போட்டாலும் உள்ளே மைக்ராஸ்கோப் முன்னால் உட்காருகிறவர் ஒருவர்தான், அவர் கைக்கு முதலில் மொபைலும் லேப்டாப்பும் போகும், கேம் கன்சோல் அலமாரியில் காத்திருக்கும். இரண்டாவது, போர்ட்டை மாற்றியும் படம் வரவில்லை. போர்ட்டுக்குப் பின்னால் படத்தை டிவிக்கு அனுப்புகிற ஒரு சிப் இருக்கிறது, கடைகளில் எச்டிஎம்ஐ ஐசி என்பார்கள், அது போயிருந்தால் நிஜமாகவே வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும், காத்திருப்பதில் நியாயம் உண்டு. மூன்றாவதைத்தான் யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். போர்ட்டைக் கழற்றும்போது போர்டில், அதாவது சர்க்யூட் பலகையில், இருக்கும் செம்புத் தடம் ஒன்றிரண்டு பெயர்ந்து வந்திருக்கும். அதற்கும் வழி உண்டு, முடியைவிட மெல்லிய கம்பி வைத்து ஜம்பர் போடுவார்கள். ஆனால் அதற்கு இன்னும் நல்ல கை வேண்டும், அந்தக் கை அந்தக் கடையில் இல்லாமல் போகலாம்.

இதில் எது என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரிய வேண்டியதில்லை. ‘மல்டிமீட்டர் வைத்துப் பின்களை அளந்து பார்த்தீர்களா, எந்தப் பின்னில் ரீடிங் தவறாக வருகிறது, போர்டை ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியுமா’ என்று கேளுங்கள். வேலை தெரிந்தவர் சந்தோஷமாக அனுப்புவார். பெட்டியைத் திறக்காதவர் மழுப்புவார், அந்த மழுப்பலிலேயே பதில் கிடைத்துவிடும்.

பார்ட்ஸ் தாமதமாவதற்கு நான் கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், அது அவர் கையில் இல்லை. எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதை மறைப்பதுதான் தப்பு. உங்கள் பொருள், உங்கள் பணம், காரணத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு முழுசாக இருக்கிறது.

ஒரு தேதியைக் கேட்டு வாங்குங்கள், அதை வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே வாங்குங்கள். அந்தத் தேதியும் தாண்டினால் ‘சரி, ரிப்பேர் வேண்டாம், இருக்கிற நிலையிலேயே கொடுங்க’ என்று வாங்கிக்கொள்ளலாம். வாங்கும்போது கன்சோலில் இருக்கும் சீரியல் எண் உங்கள் அட்டைப் பெட்டியில் இருப்பதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். இன்னொரு முக்கியமான விஷயம்: 2020-ல் வந்த முதல் மாடல் பிஎஸ் 5-ல் டிஸ்க் டிரைவின் போர்டும் மெயின் போர்டும் ஜோடி. வேறொரு பெட்டியின் டிரைவை அப்படியே தூக்கி உங்கள் பெட்டியில் வைத்தால் டிஸ்க் படிக்காது. நாலைந்து பெட்டிகள் திறந்து கிடக்கும் மேஜையில் இந்த மாறாட்டம் தெரியாமலேயே நடக்கலாம், அதனால் ஒரு கேம் டிஸ்க்கைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். ரிப்பேர் ஆகாமல் வாங்கினால் படம் பார்த்துச் சோதிக்க முடியாது, டிரைவ் உங்கள் பெட்டியில் இருந்ததுதானா என்று கேட்டு பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

பில் என்றதும் ஞாபகம் வருகிறது, உங்கள் கடிதத்தில் அட்வான்ஸ் கொடுத்தது இருக்கிறதே தவிர ரசீது பற்றி ஒன்றும் இல்லை. 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விற்ற பொருளுக்கோ செய்த வேலைக்கோ பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம். ரசீது இல்லாவிட்டாலும் ஜிபே பண்ணிய விவரமும் வாட்ஸ்அப் பேச்சும் ஆதாரம்தான், அழித்துவிடாதீர்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யுங்கள். அதிலும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை, கடை எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், பிரச்சினை ஏற்பட்ட நாளிலிருந்து 2 வருடம் வரை நேரம் உண்டு. பெரும்பாலும் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது. 1915-ல் பதிந்த புகார் எண்ணைக் கடைக்காரருக்கு அனுப்பிப் பாருங்கள், பேச்சு மாறும்.

கேள்வி: என் பிஎஸ் 4 ரிப்பேர்ல இருக்கு. நாலு வருஷமா விளையாடிச் சேமிச்ச சேவ் எல்லாம் அதுக்குள்ள இருக்கு. கடையில ஹார்ட் டிஸ்க் மாத்தணும்னு சொன்னா எல்லாம் போயிடுமா? பிஎஸ் பிளஸ் (சோனியின் கட்டணச் சந்தா) கிடையாது. – பிளஸ் டூ மாணவர், திருநெல்வேலி

பதில்: தம்பி, இன்றைக்கே கடைக்குப் போன் செய்து ‘என்னைக் கேட்காமல் ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மேட் பண்ணாதீங்க, இனிஷியலைஸ் பண்ணாதீங்க’ என்று சொல்லிவிடு. இதுதான் முதல் வேலை, மீதியை அப்புறம் படி.

பிஎஸ் 4-ன் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதெல்லாம் பூட்டி வைத்த மாதிரி என்கிரிப்ட் ஆகியிருக்கும், சாவி அந்தந்தப் பெட்டியின் போர்டில் இருக்கும். அதனால் உன் டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் மாட்டினாலும் தெரியாது, நண்பனுடைய பிஎஸ் 4-ல் மாட்டினால் ‘இனிஷியலைஸ் செய்’ என்று கேட்கும், செய்தால் எல்லாம் அழிந்துவிடும். ஆனால் பழுது போர்ட்டிலோ ஃபேனிலோ பவர் சப்ளையிலோ இருந்தால் கவலையே வேண்டாம், உன் போர்டும் உன் டிஸ்க்கும் சேர்ந்தே திரும்பி வரும், சேவ் இருக்கும். போர்டையே மாற்ற வேண்டும் என்றால் மட்டும்தான் டிஸ்க் நன்றாக இருந்தும் திறக்க முடியாமல் போகும்.

டிஸ்க்தான் பழுது என்கிறார்கள் என்றால் அதை மாற்றுவதற்கு முன் ஒரு முயற்சி பாக்கி இருக்கிறது. பெட்டி அணைந்திருக்கும்போது பவர் பட்டனை ஏழு விநாடிபோல இரண்டாவது பீப் கேட்கும்வரை அழுத்திப் பிடித்தால் சேஃப் மோடு வரும். அதில் 5-வதாக இருக்கும் ‘ரீபில்ட் டேட்டாபேஸ்’ சேவ்களைத் தொடாது. 6-ம் 7-ம் முழுசாக அழித்துவிடும். அவசரத்தில் 6-ஐ அமுக்கும் ஆட்கள் உண்டு, அதனால்தான் போன் செய்யச் சொன்னேன். ரீபில்ட் ஆகி ஒரு தடவை பெட்டி திறந்துவிட்டால் போதும், செட்டிங்ஸில் போய் சேவ்களை ஒரு பென் டிரைவில் காப்பி செய்துவிடு. அதற்கு பிஎஸ் பிளஸ் தேவையில்லை. இதைப் படிக்கிற, பெட்டி நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கிற மற்றவர்களும் இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்துவிடலாம். ஆனால் பிஎஸ் 5 கேம்களின் சேவ்களைத் தனியாகப் பென் டிரைவில் எடுக்க முடியாது. பிஎஸ் பிளஸ் வைத்து கிளவுடில் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் பெட்டி முழுவதையும் யுஎஸ்பி டிரைவில் பேக்கப் எடுக்க வேண்டும்.

கேள்வி: கன்சோல் ரிப்பேருக்குப் போனதிலிருந்து என் மகன் (9-ம் வகுப்பு) முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிகிறான். சாப்பாட்டில்கூட கவனம் இல்லை. ‘போனது நல்லதுக்குத்தான், படிப்பில் கவனம் வரும்’ என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியே விட்டுவிடலாமா? – ஒரு அப்பா, ஈரோடு

பதில்: அந்த வாக்கியத்தை மட்டும் அவன் காதில் விழுகிற மாதிரி யாரும் சொல்லாதீர்கள் என்று வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள் சார். அவனுக்குப் பிடித்த ஒரு பொருள் உடைந்திருக்கிறது, அது உடைந்ததில் வீட்டுக்கே சந்தோஷம் என்று தெரிந்தால் அந்த வலி வேறு மாதிரி தங்கிவிடும். பிரச்சினை அவன் விளையாடும் நேரம் என்றால் அதைக் கன்சோல் வந்த பிறகு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள், ரிப்பேர் ஆகாமல் கிடப்பதை அதற்குச் சாக்காக வைக்க வேண்டாம்.

நீங்கள் கவனித்திருப்பீர்களோ என்னவோ, இந்த வயசுப் பையன்கள் விளையாடுவதில் பாதி பேச்சு. சாயங்காலம் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நாலு நண்பர்களோடு கத்திக்கொண்டிருப்பான் இல்லையா, அந்தக் கூட்டம் இப்போது அவன் இல்லாமல் கூடுகிறது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் அவர்கள் பேசுவதில் இவனுக்கு இடம் இருக்காது. அதுதான் முகத்தில் தெரிகிறது. அந்த நண்பர்களில் யார் வீடாவது பக்கத்தில் இருந்தால் சனிக்கிழமை கொண்டுபோய் விடுங்கள், அல்லது அவர்களை உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அப்புறம், ரிப்பேர் கடைக்குப் பேசுவதை அவனிடமே விடுங்கள். முதல் பதிலில் எழுதியிருக்கும் கேள்விகளை அவனே கேட்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். கடைக்காரர் சம்மதித்தால் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய் மைக்ராஸ்கோப்பில் அந்த போர்டைப் பார்க்கவிடுங்கள். தன் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்த பையன் காத்திருக்கும் விதமே மாறும்.

கேள்வி: மாமாவின் பழைய எக்ஸ்பாக்ஸ் 360 பரணில் இருந்தது. போட்டால் மூன்று சிவப்பு லைட் வருகிறது. டவலைச் சுற்றி சூடாக்கினால் சரியாகிவிடும் என்கிறான் தம்பி. செய்யலாமா? – வாசகர், மதுரை

பதில்: செய்யவே கூடாது. காற்று போகும் வழியை அடைத்து, மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியைத் துணியால் மூடுவது தீப்பிடிக்க வைக்கிற வேலை. அந்த வைத்தியம் ஒரு காலத்தில் உலகம் முழுக்கப் பரவியிருந்தது, சிலருக்குச் சில நாட்கள் பெட்டி ஓடவும் செய்தது, அதனால்தான் இன்னும் சாகாமல் சுற்றுகிறது. சிப்புக்குள் இருக்கும் நுண் இணைப்புகள் சூடேறி, ஆறி, மறுபடி சூடேறி விரிசல் விடுவதால்தான் அந்த மூன்று சிவப்பு லைட். கொஞ்சம் சூடு காட்டினால் விரிசல் தற்காலிகமாகத் தொட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். ‘ரீஃப்ளோ பண்ணித் தர்றேன்’ என்று, அதாவது சிப்பைச் சூடாக்கி ஈயத்தை உருக்கித் தருவதாக, கடையில் காசு வாங்குவதும் பெரும்பாலும் இதே கதை. கொடுக்காதீர்கள்.

ஆனால் இந்தப் பெட்டியின் வரலாறு காத்திருப்பவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. 2005 நவம்பரில் வந்த கன்சோல் இது. பழுதாகித் திரும்பிய பெட்டிகள் குவிந்து, 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் இந்த ஒரு பழுதுக்கு மட்டும் வாரண்டியை 3 வருடமாக நீட்டியது. அதற்காக ஒதுக்கிய தொகை 100 கோடி டாலருக்கும் மேல். அப்போது அந்தப் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்த பீட்டர் மூர் பின்னாளில் சொன்ன கணக்கு 115 கோடி டாலர், அதில் பெட்டிகளை அனுப்பி வாங்கும் கூரியருக்கு மட்டும் 24 கோடி. வாடிக்கையாளர் வீட்டுக்கு அட்டைப் பெட்டி அனுப்பி, அதில் போட்டு வாங்கி, சரிசெய்து, மறுபடி வீட்டுக்கே அனுப்பினார்கள். பழுது தங்களுடையது என்று ஒரு கம்பெனி ஒத்துக்கொண்டால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. காத்திருந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

மாமாவின் பெட்டிக்கு இப்போது அந்த வாரண்டி கிடையாது, பின்னால் வந்த எக்ஸ்பாக்ஸ் 360 ‘எஸ்’ மாடலுக்கு இந்த மூன்று லைட் தொல்லை இல்லை. செகண்ட் ஹேண்டில் நல்ல நிலையில் அந்த மாடல் கிடைத்தால் பழைய டிஸ்க்குகளை அதில் போட்டு விளையாடலாம்.

கேள்வி: லண்டனில் இருக்கும் மச்சான் போன வருஷம் வாங்கிக்கொண்டு வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச். கன்ட்ரோலர் குச்சியைத் தொடாமலேயே கேமில் ஆள் தானாக நடக்கிறான். இங்கே சர்வீஸ் சென்டரே இல்லை என்கிறார்கள். – வாசகி, திருச்சி

பதில்: இது ஜாய்-கான் டிரிஃப்ட். ஸ்விட்சின் இரண்டு பக்கமும் மாட்டுகிற கன்ட்ரோலர்தான் ஜாய்-கான். குச்சிக்குக் கீழே கரித்தடத்தின் மேல் ஒரு சின்ன உலோகத் துண்டு உரசிக்கொண்டே இருக்கும், தடம் தேயத் தேய, தூசி சேரச் சேர, தொடாமலேயே தொட்ட மாதிரி சிக்னல் போகும். ஸ்விட்சை நிண்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்கவில்லை, அதனால் இங்கே கேட்பாரில்லை என்பது உண்மைதான். ஆனால் உங்களுக்கு அதிர்ஷ்டம், அது லண்டனில் வாங்கியது. ஐரோப்பிய நுகர்வோர் அமைப்புகள் விடாமல் புகார் கொடுத்ததால் 2023 ஏப்ரலிலிருந்து பிரிட்டன் உட்பட அந்தப் பகுதியில் வாங்கியவர்களுக்கு வாரண்டி முடிந்திருந்தாலும் டிரிஃப்ட்டை இலவசமாகச் சரிசெய்து தருகிறார்கள். முழுக் கன்சோலையும் அனுப்ப வேண்டாம், இரண்டு ஜாய்-கான்களை மட்டும் அடுத்து ஊர் திரும்புகிறவரிடம் கொடுத்துவிடுங்கள், மச்சான் அங்கிருந்து அனுப்பிக்கொள்வார். அதுவரை ஒரு சாதாரண புளூடூத் கன்ட்ரோலரை இணைத்து டிவியில் விளையாடலாம். ஸ்விட்சுக்கு ஒத்துப்போகுமா என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: கடையில் கொடுத்தால் மாசக்கணக்கில் இழுக்கிறார்கள், நானே வீட்டில் திறந்து சுத்தம் செய்யலாமா? இடி மின்னலில் கன்சோல் போகுமா? – வாசகர், கடலூர்

பதில்: பிஎஸ் 5 என்றால் இரண்டு பக்கத் தட்டுகளையும் கழற்றலாம், அதற்கு ஸ்குரூகூடக் கிடையாது. உள்ளே தூசி சேருவதற்கென்றே குழிகள் இருக்கும், வேக்குவம் கிளீனரை அங்கே வைத்து உறிஞ்சலாம். அதற்கு மேல் போகாதீர்கள். பிராசசருக்கு மேல் திரவ உலோகம் பூசியிருக்கிறார்கள், அது மின்சாரம் கடத்தும், ஒரு சொட்டு போர்டில் வழிந்தால் நல்ல பெட்டியே வீணாகும். பிஎஸ் 4-ல் பவர் சப்ளையைப் பிரிக்கக் கூடாது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். பெட்டியின் கதகதப்புக்குக் கரப்பான்பூச்சி குடியேறும், அது செத்து ஷார்ட் ஆகி வருகிற பெட்டிகள் நிறைய. டிவி ஸ்டாண்டின் அடித்தட்டில் வைக்காமல் மேலே, காற்றோட்டமாக வையுங்கள்.

இடிக்கு நிச்சயம் போகும், அதுவும் நீங்கள் நினைக்காத வழியில். ஐப்பசி, கார்த்திகையில் எல்லோரும் பவர் பிளக்கை மட்டும் பிடுங்குவார்கள். கேபிள் டிவி ஒயரோ டிஷ் ஒயரோ செட்டாப் பாக்ஸுக்கு வந்து, அங்கிருந்து டிவிக்கு வந்து, டிவியிலிருந்து எச்டிஎம்ஐ வழியாகக் கன்சோலுக்கு வரும். எச்டிஎம்ஐ ஒயரையும் இன்டர்நெட்டுக்கான லேன் ஒயரையும் சேர்த்துக் கழற்றினால்தான் பாதுகாப்பு.

கேள்வி: நாளைக்கு ரிப்பேர் முடிந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கடையிலேயே என்னென்ன பார்த்து வாங்க வேண்டும்? – வாசகர், சேலம்

பதில்: வாழ்த்துகள்! லைட் எரிவதை மட்டும் காட்டினால் கிளம்பிவிடாதீர்கள். உங்கள் கன்ட்ரோலர், ஒரு டிஸ்க், வீட்டு எச்டிஎம்ஐ ஒயர் மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். கடையில் 4கே டிவி இருந்தால் அதில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், சால்டரிங் அரைகுறையாக இருந்தால் 1080-ல் படம் அழகாக வரும், 4கே-க்குப் போனதும் விட்டுவிட்டு வரும். உங்கள் மொபைலில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு வைஃபை பிடிக்கிறதா என்று பாருங்கள், மூடும்போது ஆன்டெனா ஒயரை மாட்ட மறந்துவிடுவது சகஜம். எல்லா யுஎஸ்பி போர்ட்டிலும் ஏதாவது செருகிப் பாருங்கள். டிஸ்க் உள்ளே போய் வெளியே வர வேண்டும். கனமான கேம் ஒன்றை அரை மணி நேரமாவது ஓடவிடுங்கள், ஃபேன் கத்துகிறதா, தானாக அணைகிறதா என்பது அப்போதுதான் தெரியும். கடைக்காரர் அவசரப்படுத்தினால் ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன், ஓடட்டும் என்று சொல்லுங்கள். என்ன மாற்றினார்கள், அந்த வேலைக்கு எத்தனை நாள் உத்தரவாதம் என்பதை பில்லில் எழுதி வாங்கிக்கொண்டு, பழைய பார்ட்டையும் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் உங்கள் கேம் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள், கார்டு விவரம் அதில் சேமித்திருந்தால் கட்டாயம் மாற்ற வேண்டும்.